கணினித் தளம் மாறும்போது ஆரம்ப இருப்பு

நான் வானொலியில் பேசிய உரையைச் சற்று விரித்து இங்கே எழுதித் தருகிறேன்.

நிலையத்துக்கு வந்துபோகும் இளைஞர்கள் சில மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, புரோகிராம் எழுதப் படிக்கிறேன். விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறிவிடலாமா?" நான் வணிகவியல் படித்துக் கணக்கு எழுதிப் பிழைப்பவன், கணினி வல்லுநன் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்குக் கேள்வி ஒளிந்திருப்பதால் பதில் சொல்லத் துணிந்தேன்.

கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நம் தின்கன்ஜூனில் பிள்ளைகள் வைத்துப் படிப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அப்போதுதான் லினக்ஸ் என்ற பேச்சு வருகிறது.

தளம் என்றால் என்ன?

ஒரு மென்பொருள் தானாக எதையும் செய்துவிடாது. கோப்பைத் திறக்க, திரையில் எழுத, அச்சுப்பொறிக்கு அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் அது இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். விண்டோஸில் கேட்கும் முறை வேறு, லினக்ஸில் கேட்கும் முறை வேறு. அதனால்தான் விண்டோஸுக்காகக் கட்டிய புரோகிராம் லினக்ஸில் அப்படியே ஓடுவதில்லை. புரோகிராம் எழுதுபவருக்கு இயங்குதளத்தோடு இன்னும் பல சாமான்கள் சேர்ந்துவருகின்றன. மொழி, அதை மாற்றித்தரும் கம்பைலர், துணை நூலகங்கள், தரவுத்தளம், எழுத்துரு, விசைப்பலகை இவை எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய தளம்.

லினக்ஸை 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் இருப்பது லினக்ஸ் கருவே. இணையச் சேவைகளின் வழங்கிக் கணினிகள் பெரும்பாலும் லினக்ஸ்தான். ஆகவே வேலைக்குப் போகிற பிள்ளை லினக்ஸைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதற்காக எல்லோரும் மாறியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஐபோனுக்குச் செயலி எழுதுபவருக்கு ஆப்பிள் மேக் தேவைப்படும். விண்டோஸ் அலுவலகங்களுக்கு எழுதுபவர் விண்டோஸிலேயே இருக்கலாம்.

மாறுவதாக முடிவெடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்? இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது.

தொகை சரி, பெயர் எங்கே?

பழைய பேரேட்டை மூடிப் புதிய பேரேட்டைத் திறக்கும்போது கணக்கன் முதலில் எழுதுவது ஆரம்ப இருப்பு. அது தவறினால் அந்த ஆண்டு முழுவதும் தவறு. இதை ஊருக்கெல்லாம் சொல்லும் நானே ஒருமுறை தவறினேன்.

ஒரு சங்கத்தின் ஈமச்சடங்கு நிதிக்குப் பல ஆண்டுகள் கணக்குப் பார்த்தேன். குடும்பத்துக்கு மாதம் ஒரு சிறு சந்தா. வீட்டில் இறப்பு நேர்ந்தால் அன்றைக்கே ஒரு தொகை கொடுப்போம். நானூற்றுச் சொச்சம் பெயர்கள். ஃபாக்ஸ்புரோவில் ஒருவர் எழுதித் தந்த புரோகிராமில் கணக்கு ஓடியது. பெயர்களைத் தமிழில் அடித்திருந்தோம். பழைய கணினி தள்ளாடத் தொடங்கியதும் கோப்புகளைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றினேன். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கடைசி கியாட் வரை சரியாக இருந்தது. நிம்மதியாகப் பழைய கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மா வந்தார். கணவர் முந்தின இரவு இறந்துவிட்டார். நான் மடிக்கணினியைத் திறந்தால், பெயர்களின் இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை. தொகைகள் எல்லாம் இருந்தன. எது யாருடைய தொகை என்பதுதான் தெரியவில்லை. அந்த அம்மா, "தவறாமல் கட்டினோமே ஐயா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, அவர் வீட்டுப் பெட்டியில் பழைய ரசீதுகள் கிடைத்த பிறகு, மூன்றாம் நாள்தான் கொடுக்க முடிந்தது. அடக்கம் கடன் வாங்கி நடந்தது. பிழை முழுவதும் என்னுடையது. தொகையைச் சரிபார்த்தவன் பெயரைச் சரிபார்க்கவில்லை.

நடந்தது இதுதான். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. எங்கள் எழுத்துரு பாமினிகூட இல்லை. யாரோ பிளாப்பியில் கொண்டுவந்தது. அதுவும் பழைய கணினியோடு போய்விட்டது.

மூன்று இருப்புகள்

அந்த நாளிலிருந்து தளம் மாறுவதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கொண்டுபோக வேண்டிய ஆரம்ப இருப்பு மூன்று வகை என்று தெரிந்தது. தரவு ஒன்று, கருவிகள் இரண்டு, கைப்பழக்கம் மூன்று.

முதலாவது தரவு. இதற்கு நாம் வாழும் நாடே பெரிய உதாரணம். பர்மிய எழுத்து 1999-இல் யூனிகோடின் 3.0 பதிப்பில் சேர்ந்தது. 2008-இல் 5.1 பதிப்பில் அது முறையாகச் சீரமைக்கப்பட்டது. அதற்குள் ஜோஜி எழுத்துரு நாடெங்கும் பரவிவிட்டது. ஜோஜி யூனிகோடின் அதே எண்களை எடுத்துக்கொண்டு வேறு உருவங்களுக்குப் பயன்படுத்தியது. ஷான், மொன், கரேன் மொழிகளின் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களிலும் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களை வைத்தது. இன்னொரு வித்தியாசம் தமிழருக்கு எளிதில் விளங்கும். நம் 'கெ' எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடு சேமிக்கும்போது முதலில் 'க', பிறகுதான் கொம்பு. பர்மிய மொழியிலும் அப்படி ஒரு கொம்பு உண்டு. யூனிகோடு அதை மெய்க்குப் பின் வைக்கிறது, ஜோஜி முன் வைத்தது. ஒரே சொல்லை ஜோஜியில் பல வரிசையில் அடிக்கலாம் என்பதால் தேடுவதும் அகர வரிசையில் அடுக்குவதும் புரோகிராம் எழுதுபவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தன.

2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடு நாளாக அறிவித்து மியன்மார் மாறத் தொடங்கியது. இரண்டு முறையும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், ஒரு வரியைப் பார்த்ததும் இது எந்த முறை என்று கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வருகிறது என்ற நிகழ்தகவை வைத்து ஊகிக்க வேண்டும். இதற்கென்று 'மியன்மார் டூல்ஸ்' என்ற நிரலைக் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. ஃபேஸ்புக்கும் தானாக மாற்றிக் காட்டும் வசதியைச் செய்தது. எழுத்து முறையை மாற்ற ஒரு நாள் குறிக்கலாம். அதுவரை எழுதிக் குவித்ததை மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை நடந்தது. அரசு நிறுவனமான எல்காட்டில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006 முதல் அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாறின. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போடப்பட்டது. சென்னை சீ-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. தமிழுக்கு யூனிகோடே தரம் என்று தமிழக அரசு அறிவித்ததோ 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதுவரை அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் குவிந்த கோப்புகள் ஏராளம். இயங்குதளம் பற்றிய முடிவு முந்தியும் எழுத்து பற்றிய முடிவு பிந்தியும் வந்தன. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும் என்பது கணக்கனுக்குத் தெரிந்த உண்மை.

இரண்டாவது கருவிகள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003 மே மாதம் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்க நேரில் போனார் என்றால் விஷயத்தின் கனம் புரியும். 'லிமக்ஸ்' என்று பெயரிட்ட அந்த வேலை பத்தாண்டு நடந்தது. 2013-இல் முடிந்தபோது 14,000-க்கு மேற்பட்ட கணினிகள் மாறியிருந்தன. பிறகு 2017-இல் அதே நகராட்சி விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020-இல் வந்த புதிய கூட்டணி, முடிந்த இடமெல்லாம் திறந்த மூல மென்பொருள் என்று மறுபடியும் சொன்னது.

இதில் அரசியலும் உண்டு. ஆனால் புரோகிராம் எழுதுபவருக்கு உள்ள பாடம் வேறு. ஒவ்வொரு துறையிலும் விண்டோஸை நம்பி எழுதிய தனி மென்பொருள்களும், கடிதப் படிவங்களும், அவற்றுக்குள் மேக்ரோக்களும் இருந்தன. படிவங்களுக்காக 'வோல்மக்ஸ்' என்ற மென்பொருளை நகராட்சியே எழுத வேண்டியிருந்தது. சில துறை மென்பொருள்களுக்குக் கடைசிவரை விண்டோஸ் தேவைப்பட்டது. உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது சுலபம். பழைய மென்பொருளுக்கு மாற்று தேடுவதில்தான் காலம் போகிறது.

எங்கள் ஃபாக்ஸ்புரோவும் அப்படித்தான். அதன் கடைசிப் பதிப்பு 9, 2004-இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. அதில் எழுதிய புரோகிராமை லினக்ஸுக்கு இழுத்துக்கொண்டு போக நினைப்பதைவிட, தரவை மட்டும் வெளியே எடுத்துப் புதிதாக எழுதுவது மேல். அதன் டி.பி.எஃப். கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். அங்கிருந்து சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்தால் எந்தத் தளத்திலும் படிக்கலாம்.

மூன்றாவது கைப்பழக்கம். பக்கத்து மாநிலமான கேரளம் 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, பின்பு பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலில் கொடுத்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் ஆள் இருக்கிறாரோ அதைத்தான் பிள்ளையின் கை தேடும். ஆகவே நீங்கள் தனியாக மாறாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து மாறுங்கள். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும்.

செய்யும் வரிசை

இனி நடைமுறைக்கு வருகிறேன். எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் இந்த வரிசையில்தான் மாறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

1. முதலில் நகல். எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்து, அதை வேறு ஒரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல. எழுத்துருக்களையும் மறக்காமல் நகலெடுங்கள்.

2. விண்டோஸில் இருந்துகொண்டே கருவிகளை மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், பைத்தான், கிட், போஸ்ட்கிரெஸ் ஆகியவை இரண்டு தளத்திலும் ஓடுபவை. சி-ஷார்ப் எழுதுபவர்களுக்கும் வழி உண்டு. 2016-இல் வந்த டாட்நெட் கோர் முதல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் லினக்ஸிலும் ஓடுகிறது. ஒரு மாதம் இவற்றோடு பழகிவிட்டால் பின்னால் தளம் மாறியதே தெரியாது.

3. தரவை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் தொகை, பதிவுகளின் எண்ணிக்கை, பெயர்கள் மூன்றையும் ஒப்பிடுங்கள். பெயர்களை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும்.

4. லினக்ஸைப் பதியாமலே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால் வன்தட்டைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். நினைவகம் 4 ஜி.பி. உள்ள பழைய இயந்திரத்துக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. போன்ற இலகுவான முகப்பு போதும். இயந்திரம் புதிதாக இருந்தால், விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வசதியை மைக்ரோசாஃப்டே 2016 முதல் தருகிறது.

5. சின்னப் பொறிகளுக்குத் தயாராக இருங்கள். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. இந்த ஒரு குறியால் ஓட மறுத்த நிரலைத் தம்பி இரவெல்லாம் தேடினார். கோப்பின் பாதையைக் காட்டும் சாய்கோடு இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் சாயும். நம்மவர்களுக்கு முக்கியமான பொறி இன்னொன்று. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது எழுத்து முறையைச் சொல்லாவிட்டால், பல பதிப்புகள் விண்டோஸில் பழைய ஐரோப்பிய முறையையும் லினக்ஸில் யூ.டி.எஃப்-8-ஐயும் எடுத்துக்கொள்ளும். தமிழ், பர்மியக் கோப்புகள் அங்கேதான் கெடும். ஒவ்வொரு முறையும் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

6. மின்வெட்டையும் இணையத்தையும் கணக்கில் வையுங்கள். லினக்ஸில் மென்பொருள்கள் இணையக் களஞ்சியத்திலிருந்து இறங்கும். யாங்கோனில் அதை நம்பி நடு வேலையில் உட்காரக் கூடாது. டெபியனின் முழு டி.வி.டி. கோப்புகளை நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், பல மென்பொருள்களை இணையம் இல்லாமலே நிறுவலாம். ஒருவர் இறக்கினால் தெருவுக்கே போதும்.

7. ஒரு மாதம் இரண்டையும் ஓட்டுங்கள். கணக்கு அலுவலகங்களில் புதிய மென்பொருள் வந்தால் பழையதையும் கூடவே எழுதுவோம். மாத முடிவில் இரண்டும் ஒத்துப்போனால்தான் பழையதை மூடுவோம். அதுவரை பழைய கணினியை யாருக்கும் கொடுக்காதீர்கள். இது என் அனுபவம்.

வரவு எவ்வளவு?

உரிமக் கட்டணம் இல்லை, பழைய இயந்திரம் இன்னும் சில ஆண்டு உழைக்கும், வேலைக்குத் தேவையான தளமும் பழகிவிடும். இவை வரவு. செலவு முழுவதும் நேரம். அந்த நேரத்தின் பெரும்பகுதி லினக்ஸை நிறுவுவதில் போகாது, பழையதை ஒழுங்குபடுத்துவதில் போகும். அப்படி ஒழுங்குபடுத்திவிட்டால், நாளை லினக்ஸையே விட்டு வேறெங்கு போனாலும் மறுபடி இந்தப் பாடு இல்லை. தரவும் கருவியும் எந்தத் தளத்துக்கும் கட்டுப்படாத நிலையில் இருந்தால், தளம் மாறுவது வாடகை வீடு மாறுவது போல. சாமான்கள் நம்முடையவை, எடுத்துக்கொண்டு போகலாம்.

சங்கத்துக் கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அச்சிட்டு வைத்திருந்த பழைய ரசீதுப் புத்தகங்களையும் கணினியில் இருந்த குப்பையையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்து என்று நானும் அதே தம்பியும் அட்டவணை போட்டோம். அதை வைத்து அவர் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினார். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிப் பல நாள் வதைத்தன. கடைசியில் பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன. அந்த அம்மாவின் கணவர் பெயரும் வந்தது. ஒரு மாதச் சந்தாகூட விடாமல் கட்டியிருந்தார். அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, மடித்து ரசீதுகளோடு வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கணக்கு லினக்ஸில், யூனிகோடில், சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. ஆண்டு முடிவில் ஒருமுறை காகிதத்திலும் அச்சிட்டு வைக்கிறோம்.

மாறலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இதுதான். தாராளமாக மாறுங்கள். முதலில் இருப்பைச் சரிபாருங்கள், தளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். உங்கள் வீட்டுக் கணினியில் பழைய எழுத்துருவில் தமிழ்க் கோப்புகள் இருந்தால், அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு மாலைகளில் நானும் அந்தத் தம்பியும் அங்கே இருப்போம்.